வண்டி ஓட்டும்போது வானில் ஒரு தீக்கோடு: எரிகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவுப் பயணம் முடித்து வருகிறவர்கள் என்னிடம் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றேதான். "சாலைக்கு நேர் எதிரே, மரங்களுக்குப் பின்னால், பச்சையாக ஏதோ எரிந்துகொண்டே இறங்கியது. அடுத்த வளைவைத் தாண்டிப் போயிருந்தால் கையில் கிடைத்திருக்கும்." அவர்கள் பார்த்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அடுத்த வளைவில்தான் சந்தேகம். கேலியாகச் சொல்லவில்லை, முதல் முறை ஒன்றைப் பார்த்த இரவில் நானும் கிளைச்சாலையில் வண்டியைத் திருப்பி, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறேன். சக்கரத்தில் ஒட்டிய சேறுதான் மிச்சம்.

எரிகல், எரிநட்சத்திரம், விண்கல் என்கிறார்களே, நான் பார்த்தது எது?

விண்வெளியில் சுற்றும் சிறு கல்லோ மணல் துகளோ காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்து ஒளிவிடும்போது அது எரிகல். எரிநட்சத்திரம் என்பதும் அதுவேதான்; நட்சத்திரத்துக்கும் அதற்கும் உறவில்லை. எரிந்தது போக மிஞ்சித் தரையில் விழும் துண்டு விண்கல். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரியும் எரிகல்லைத் தீக்கோளம் என்பார்கள். வண்டிக்குள் இருந்தபடி உங்கள் கண்ணில் பட்டது என்றால் அநேகமாக இந்த ரகம்தான். சாதாரண எரிகற்கள் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கரைந்து போய்விடும்.

அவ்வளவு வெளிச்சம் என்றால் பெரிய பாறையாக இருக்குமோ?

இருக்க வேண்டியதில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியும் சாதாரண எரிகல் மணல் துகள் அளவுதான். கூழாங்கல்லோ, உள்ளங்கையில் அடங்கும் கல்லோ வந்தால் சாலையில் நிழல் விழும் அளவுக்குக்கூட ஒளி வரலாம். காரணம் வேகம். விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரை வேகத்தில் அவை உள்ளே நுழைகின்றன. துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் போவதே அபூர்வம்.

காற்றில் உராய்ந்து தீப்பிடிக்கிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மை. கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகி வழிவிட நேரமில்லை; அப்படியே நசுங்கி ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூடு கல்லின் மேற்பரப்பை உருக்கி ஆவியாக்குகிறது. ஆவியும் காற்றும் சேர்ந்து ஒளிர்வதைத்தான் நாம் பார்க்கிறோம்.

விமானமாகவோ செயற்கைக்கோளாகவோ இருந்திருக்கலாமே?

நேரத்தைக் கவனியுங்கள். சாதாரண எரிகல் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். தீக்கோளம் இரண்டு, மூன்று விநாடி நிற்கும். ஐந்து, பத்து விநாடி தாண்டுவது அபூர்வம். வானின் பாதியை நிதானமாகக் கடந்து, அரை நிமிடம் ஒரு நிமிடம் என்று நீண்டு, பின்னால் பல துண்டுகளாகச் சிதறிச் சரம்போல வந்தால் அது பழைய செயற்கைக்கோளோ ராக்கெட் பகுதியோ திரும்பி விழுந்து எரிவது. அதன் வேகம் விநாடிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கும் குறைவு. எரியாமல் வரிசை கட்டிப் போகும் ஒளிப்புள்ளிகள் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிந்து மெல்ல வளர்ந்துகொண்டே வரும் வெளிச்சம், உங்கள் திசையில் இறங்கும் விமானத்தின் விளக்கு.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், கைபேசியைத் தேட வேண்டாம். கைபேசியை எடுத்துத் திரையைத் திறப்பதற்குள் காட்சி முடிந்திருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி மூன்று விநாடியில் 66 மீட்டர் ஓடிவிடும். அந்த 66 மீட்டரும் நீங்கள் வானத்தைப் பார்த்தபடியே ஓட்டியது என்பதை நினைத்துப் பாருங்கள். முன்னால் போகிறவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், திடீரென்று நிறுத்தவும் கூடும். ஆகவே முதலில் இடைவெளியைக் கூட்டுங்கள்.

மிகப் பிரகாசமாக இருந்தால் ஓரிரு விநாடி கண் கூசும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, சாலைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். பக்கத்தில் ஆள் இருந்தால் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்: "மணி என்ன? எந்தத் திசை? பார்த்து வைத்துக்கொள்."

வண்டியை நிறுத்தக்கூடிய இடம் வரும்வரை ஓட்டுங்கள். நெடுஞ்சாலையின் ஓரம் அப்படிப்பட்ட இடம் அல்ல. எரிபொருள் நிலையமோ ஓய்விடமோ வரட்டும். ஆனால் பாதுகாப்பான இடம் ஒரு நிமிடத்துக்குள் கிடைத்தால் கண்டிப்பாக இறங்கிப் பாருங்கள். சில தீக்கோளங்கள் போன பாதையில் ஒளிரும் தடம் பல நிமிடம் தங்கும். உயரத்தில் வீசும் காற்று அதைப் பாம்புபோல வளைத்து நெளிப்பது, எரிகல்லைவிட அழகான காட்சி.

அடுத்த ஊருக்குள் விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இல்லை என்கிறீர்களா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் வாதாட வைக்கும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எரிகல் ஒளிவிடத் தொடங்குவது தரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில். பெரும்பாலானவை 70, 80 கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும். ஆழமாக இறங்கும் தீக்கோளம்கூட 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் அணைகிறது. அதாவது, பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே.

கையை நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தின் மேல் வைத்தால் அது ஏறத்தாழ பத்து டிகிரி. 80 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஒன்று அந்த முஷ்டியின் மேல்விளிம்பில் தெரிந்தால், அது உங்களிடமிருந்து ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலத்துக்கு மேலே எரிகிறது. இரண்டு முஷ்டி உயரத்தில் தெரிந்தாலும் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. மரத்துக்குப் பின்னால் மறைந்தது என்றால் அதற்கும் அப்பால்.

விழுவதுபோலத் தெரிந்ததே என்றால், அதற்கு விடை நீங்கள் ஓட்டும் சாலையிலேயே இருக்கிறது. நேரான சாலையில் தெருவிளக்குகளைப் பாருங்கள். எல்லாக் கம்பங்களும் ஒரே உயரம். ஆனால் தலைக்கு மேல் இருக்கும் விளக்கிலிருந்து தூரத்து விளக்கு வரை பார்வையை ஓட்டினால், அவை வரிசையாகக் கீழே இறங்கிச் சாலையைத் தொடுவதுபோலத் தெரியும். உங்களை விட்டு விலகிப் போகும் எரிகல்லும் அப்படித்தான். உயரம் அதிகம் குறையாமல் போனாலும் தொடுவானத்தை நோக்கி விழுவதாகவே கண் சொல்லும். இருட்டில் அளவுகோல் ஏதும் இல்லாததால், பிரகாசமாக இருப்பது அருகில் இருக்கிறது என்று மூளை தானாக முடிவுகட்டுகிறது.

இன்னொன்று. உண்மையிலேயே கல் மிஞ்சித் தரைக்கு வருகிறது என்றால், கடைசிப் பல கிலோமீட்டர் தூரம் அது ஒளி இல்லாமல் இருட்டில்தான் விழுகிறது. வேகம் முழுவதையும் காற்று தின்றுவிட்டிருக்கும். சாதாரணக் கல் விழும் வேகத்தில், சில நிமிடம் எடுத்துக்கொண்டு வரும். தரைவரை எரிந்துகொண்டே வந்ததை யாராவது பார்த்தேன் என்றால், அவர் பார்த்தது பட்டாசாகத்தான் இருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இது அதிகம் தென்படுவது ஏன்?

ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கிறார்கள். ஊர் வெளிச்சத்தை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் நேர் எதிரே தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன் கண்ணாடி காட்டுவது தொடுவானத்தை ஒட்டிய வானம். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், அந்தத் தாழ்ந்த பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழம் உள்ளது. தலைக்கு மேல் நிமிர்ந்து பார்க்கிறவரைவிட அதிகக் காற்றுமண்டலத்தை நீங்கள் காவல் காக்கிறீர்கள்.

பச்சை நிறம் எதனால்?

ஆவியாகும் தனிமங்களும் ஒளிரும் காற்றும் சேர்ந்து தரும் நிறம் அது. மக்னீசியம், நிக்கல் பச்சையை நோக்கி இழுக்கும், சோடியம் மஞ்சள் தரும், கால்சியம் ஊதா, காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சிவப்பு. வேகத்தைப் பொறுத்தும் நிறம் மாறும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து அது எந்த வகைக் கல் என்று சொல்ல முடியாது. முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் நீலமோ பச்சையோ சாயம் பூசியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சத்தமே கேட்கவில்லையே?

ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். உங்களுக்கு மிக அருகில் கடந்த இடமே 60 கிலோமீட்டர் தூரம் என்றால், முழக்கம் வந்து சேர மூன்று நிமிடம். அதற்குள் நீங்கள் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள், என்ஜின் சத்தம், டயர் சத்தம், ரேடியோ எல்லாம் சேர்ந்து அதை விழுங்கியிருக்கும். நிறுத்த முடிந்தால் என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். தூரத்து இடிபோலக் கேட்டால், ஒளிக்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதை எழுதி வையுங்கள். கல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

எரிகல் தெரிந்த அதே நொடியில் 'உஸ்' என்று கேட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. ஒலி அவ்வளவு விரைவில் வர வழியே இல்லை என்பதால் நெடுங்காலம் இதைப் பிரமை என்று ஒதுக்கினார்கள். ஒளியின் வேகமான துடிப்பு கேட்பவரின் அருகில் உள்ள இலை, தலைமுடி போன்ற மெல்லிய பொருள்களைச் சூடாக்கி, அவை காற்றை அதிரவைக்கலாம் என்று 2017இல் ஒரு விளக்கம் வெளியானது. மூடிய வண்டிக்குள் கேட்டது என்றால் மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன்.

ஆபத்து ஏதாவது உண்டா?

மிக மிக அரிதாக. 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலோரைக் காயப்படுத்தியது கல் அல்ல, கண்ணாடி. வெளிச்சத்தைப் பார்த்ததும் பலர் ஜன்னலருகே போய் நின்று வானத்துப் புகைத்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிர்ச்சி அலை இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. சூரியனைப் போலக் கண்ணைப் பறிக்கும் ஒளியைப் பார்த்தால், அடுத்த சில நிமிடம் பெரிய கண்ணாடிகளை விட்டு விலகியே இருங்கள். மற்றபடி நம் கண்ணில் படும் தீக்கோளங்கள் யாரையும் ஒன்றும் செய்வதில்லை.

வண்டி மேலேயே விழுந்துவிட்டால்?

விழுந்திருக்கிறது. 1992 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வானில் ஆயிரக்கணக்கானோர் ஒரு பச்சைத் தீக்கோளத்தைப் பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில், நின்றிருந்த ஒரு செவர்லே மாலிபு காரின் பின்பகுதியைத் துளைத்துக்கொண்டு 12 கிலோ எடையுள்ள கல் தரைக்கு வந்தது. காருக்குள் யாரும் இல்லை. பழைய கார் அதன்பின் கண்காட்சிப் பொருளாகி ஊர் ஊராகச் சுற்றியது. இதை நினைத்து யாரும் வண்டியை மூடி வைக்கத் தேவையில்லை.

வண்டிக் கேமராவில் பதிவாகியிருக்கும். அதை என்ன செய்வது?

முதலில் அழியாமல் காப்பாற்றுங்கள். இந்தக் கேமராக்கள் அட்டை நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அந்தத் துண்டைப் பூட்டும் பொத்தான் இருந்தால், வண்டியை நிறுத்தியதும் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் கேமராவை அணைத்து அட்டையைக் கழற்றிவிடுங்கள். நீண்ட பயணத்தில் வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, காட்சியை இழந்தவர்கள் நிறைய.

அடுத்தது கடிகாரம். கேமராவின் கடிகாரம் பல நிமிடம் தவறாக ஓடும். அதன் திரையையும் கைபேசியின் நேரத்தையும் சேர்த்து ஒரு புகைப்படம் எடுத்தால் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். செய்தி அனுப்பும் செயலிகள் வழியாகப் போகும் வீடியோ சுருங்கி, நேரம், இடம் பற்றிய விவரங்களை இழந்துவிடும். நண்பர்களுக்கு அனுப்புவது பிரதியாக இருக்கட்டும்.

அகன்ற லென்ஸ் என்பதால் உங்கள் மனத்தில் வானத்தையே நிறைத்த தீக்கோளம் படத்தில் ஒரு பொட்டாகத் தெரியும். ஏமாற வேண்டாம், ஆய்வாளருக்கு அந்தப் பொட்டு போதும். பின்னணியில் கம்பம், பாலம், கட்டட முனை என்று அசையாத ஏதாவது இருந்தால், மறுநாள் அதே இடத்துக்குப் போய் அவற்றின் திசையையும் உயரத்தையும் அளந்து எரிகல்லின் பாதையை வரையலாம். செல்யாபின்ஸ்க் பாறை வந்த சுற்றுப்பாதையை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். வண்டிக் கேமராக்களும் தெருக் கேமராக்களும்தான் சாட்சிகள். எரிகல் படத்தில் இல்லாத பதிவுகள்கூட உதவின. விளக்குக் கம்பங்களின் நிழல் தரையில் எப்படிச் சுழன்றது என்பதிலிருந்தே ஒரு குழு பாதையைக் கணக்கிட்டது. எனவே வெளிச்சம் மட்டும் சாலையில் பளிச்சிட்டு மறைந்த பதிவு இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள்.

கேமரா இல்லை. என் நினைவு மட்டும்தான். அதனால் பயன் உண்டா?

உண்டு, உடனே எழுதி வைத்தால். வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், இணையத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன் எழுதுங்கள். பிறர் சொன்னதைக் கேட்ட ஐந்தாவது நிமிடமே நம் நினைவு அதற்கேற்ப வளைந்துவிடுகிறது.

நேரம், வண்டி இருந்த இடம், வண்டி போய்க்கொண்டிருந்த திசை. பிறகு, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் முன் கண்ணாடியில் எங்கே இருந்தன என்பது. "பின்பார்வைக் கண்ணாடிக்குச் சற்று இடப்பக்கம் தொடங்கி, வலது தூணுக்கு அருகே அணைந்தது" என்பதுபோல. வீட்டுக்குப் போனபின் அதே இருக்கையில் உட்கார்ந்து முஷ்டியால் அளந்து டிகிரியாக மாற்றிக்கொள்ளலாம். சாலை வளைவில் இருந்தீர்களா என்பதை மறக்காமல் குறியுங்கள். வண்டி திரும்பும்போது எரிகல்லும் வளைந்து போனதாகத் தோன்றும். "திசை மாற்றிப் பறந்தது" என்ற கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான். எத்தனை விநாடி என்பதற்கு, காட்சியை மனத்தில் ஓட்டிக் கைபேசி நிறுத்தற்கடிகாரத்தில் அளந்து பாருங்கள். பத்து விநாடி என்று சத்தியம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று, நான்குதான் வருகிறது.

யாரிடம் தெரிவிப்பது?

பன்னாட்டு எரிகல் அமைப்பின் இணையதளத்தில் தீக்கோளத்துக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. உலகின் எந்த இடத்திலிருந்தும் நிரப்பலாம், பல மொழிகளில் கிடைக்கிறது. ஒருவர் சொல்லும் திசையை மட்டும் வைத்துப் பாதை வரைய முடியாது. நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இன்னொருவர் வேறு கோணத்தில் பார்த்ததைச் சொல்லும்போதுதான் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும். உங்களுக்கு அற்பமாகத் தோன்றும் தகவல் அந்த இரண்டாவது கோடாக இருக்கக்கூடும்.

2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் மேல் ஒரு தீக்கோளம் போனது. வானத்தைக் கண்காணிக்கும் கேமராக்கள் பாதையைக் குறித்துக் கொடுத்தன. மறுநாள் காலை வின்ச்கோம் ஊரில் ஒரு வீட்டின் வாகனப்பாதையில் கரித்தூள்போலச் சிதறிக் கிடந்தது கரிமம் (கார்பன்) கலந்த அபூர்வமான விண்கல்.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை?

உங்களுக்குப் பெரிது, தொலைநோக்கிக்கு மிகச் சிறிது. விண்வெளியிலேயே கண்டுபிடித்து, விழுவதற்கு முன் சொல்ல முடிந்த முதல் பாறை 2008 டிசி3. அகலம் நான்கு மீட்டர் அளவு. கண்ட மறுநாளே, 2008 அக்டோபர் 7 அன்று, சூடான் பாலைவனத்தின் மேல் எரிந்தது. அதற்குப் பிறகு 2024 முடிய இப்படி முன்னறிந்தவை பத்துச் சொச்சம்தான். கூழாங்கல் அளவுள்ள ஒன்றை முன்கூட்டிக் காண வழியில்லை.

சாலையோரத்தில் கறுப்பாக ஒரு கல் கிடைத்திருக்கிறது. அதுதானா?

அநேகமாக இல்லை. தார், உலைக்கசடு, எரிந்த நிலக்கரி என்று சாலையோரம் கறுப்புக் கற்களுக்குப் பஞ்சமில்லை. புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் தீக்குச்சி கனத்துக்கும் குறைவான கறுப்புத் தோல் இருக்கும், உடைந்த இடத்தில் உள்ளே வெளிர்நிறம் தெரியும், அதே அளவுள்ள மற்றக் கற்களைவிடக் கனக்கும். குமிழித் துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் கசடு. தொட்டால் சுடும் என்பதும் கற்பனை. உருகிய மேற்பரப்பு வழியிலேயே கழன்றுவிடுகிறது, உள்ளே விண்வெளியின் குளிர் அப்படியே இருக்கும்.

நம்பிக்கை இருந்தால் கழுவாமல், வெறுங்கையால் தொடாமல், சுத்தமான பையில் போடுங்கள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்: கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் காந்தத் தடயத்தை அது ஒரே நொடியில் அழித்துவிடும். கல் யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி எப்போது பார்க்க வாய்க்கும்?

தனியாக வரும் தீக்கோளத்துக்கு நாள் குறிக்க முடியாது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாள்களில் எரிகற்கள் கூட்டமாக வரும் எரிகல் பொழிவுகளுக்கு முடியும்: ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட், டிசம்பர் 13, 14இல் ஜெமினிட். எண்ணிக்கை குறைவானாலும் மெதுவான, பிரகாசமான தீக்கோளங்களுக்குப் பெயர்பெற்றது டாரிட், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. நள்ளிரவுக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்புவதால் எண்ணிக்கை கூடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்காதீர்கள். இருட்டான வெளியில் பாயை விரித்துப் படுத்து, கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள்.